முழங்கையைத் தள்ள ஐந்தை அழுத்தவும்

என் அப்பாவுக்கு இரண்டு வயது என்றால் சிரிக்காதீர்கள். ஒன்று அவர் உடம்பில் இருந்தது, இன்னொன்று ரயில்வேயின் சர்வீஸ் புத்தகத்தில் இருந்தது. சுதந்திரம் வந்த மறு வருஷம் ஆடியில் பிறந்தவரை, 1946 ஜூன் ஒன்றாம் தேதி பிறந்தவர் என்று பள்ளிக்கூடத்தில் எழுதிவிட்டார்கள். அதைப் பார்த்து வேலையிலும் அப்படியே எழுதிக்கொண்டார்கள். இரண்டுக்கும் நடுவே இரண்டு வருடம், இரண்டு மாதம். அந்தக் காலத்தில் பள்ளியில் சேர்ந்த பாதிப் பேருக்கு ஜூன் ஒன்றுதான் பிறந்தநாள். அவர்களில் யாரும் அதைப் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. என் அப்பா தங்கசாமி மட்டும் நாற்பது வருடமாகப் பெரிதாக எடுத்துக்கொண்டிருந்தார்.

அரியலூருக்குத் தெற்கே ஒரு லெவல் கிராசிங்கில் அவர் கேட் கீப்பர். ரயிலுக்குக் கேட்டை மூடிவிட்டு நிற்கும்போது, சோறு பிசையும்போது, காலண்டரில் தேதி கிழிக்கும்போது, எப்போது அந்த ஞாபகம் வந்தாலும் சொல்வார்.

"எந்தப் புண்ணியவான் எழுதுனானோ, அவன் நல்லா இருக்கட்டும்."

அந்தப் புண்ணியவானுக்குள் எத்தனை கெட்ட வார்த்தைகள் அடங்கியிருந்தன என்று எங்கள் வீட்டில் எல்லோருக்கும் தெரியும். தேதியைத் திருத்தச் சொல்லி ஒருமுறை மனுவும் போட்டார். சேர்ந்த ஐந்து வருடத்துக்குள் கேட்டிருக்க வேண்டும், பிறந்ததற்கு அத்தாட்சி எங்கே என்று பதில் வந்தது. 'ஆடி மாசம், நல்ல காத்து' என்பதைத் தவிர அவரிடம் அத்தாட்சி எதுவும் இல்லை.

2006 மே 31ஆம் தேதி புத்தக வயது அறுபது முடிந்தது. மாலை போட்டார்கள், சால்வை போட்டார்கள். கடைசிக் கண் பரிசோதனையில்கூடக் கண்ணாடி இல்லாமல் தூரத்து எழுத்தைப் படித்த மனுஷன், மாலையை சைக்கிள் ஹேண்டில்பாரில் மாட்டிக்கொண்டு வீட்டுக்கு வந்து சேர்ந்தார். வந்ததும் சொன்ன முதல் வார்த்தை என்னவென்று நான் எழுத வேண்டியதில்லை.

என்னைப் பற்றிச் சொல்லிவிடுகிறேன். பெயர் மலர்கொடி, அப்போது இருபத்தாறு வயது, உடம்பிலும் சர்டிபிகேட்டிலும் அதேதான். அரியலூர் பஸ் ஸ்டாண்டு பக்கத்தில் ஒரு கம்ப்யூட்டர் சென்டரில் பாடம் எடுத்துக்கொண்டிருந்தேன். நான்கு வருடமாக ஒரே பாடம். கம்ப்யூட்டரை ஆன் செய்வது எப்படி என்பதில் தொடங்கி, ஆஃப் செய்வது எப்படி என்பதில் முடியும். இடையில் கரண்ட் போனால் அந்தக் கடைசிப் பாடத்தை மின்வாரியமே நடத்திவிடும்.

எனக்கு வேண்டியது வேறு. நான் செல்போனுக்கு கேம் எழுதிக்கொண்டிருந்தேன். மாணவர்கள் போன பிறகு சென்டர் கம்ப்யூட்டரில் உட்கார்ந்து எழுதி, ஜாவா ஓடும் ஒரு பழைய போனில் ஏற்றிப் பார்ப்பேன். அந்தப் போனில் தமிழ் எழுத்து வராது. அதனால் ஒவ்வொரு சொல்லையும் குட்டிப் படமாக வரைந்து ஒட்டினேன். 'பள்ளி' என்று வரைய ஒரு சாயங்காலம் ஆனது.

கேமின் பெயர் 'அறுபது'. கேட் கீப்பர் மகளுக்கு வேறென்ன தோன்றும்? தண்டவாளத்தில் மாணிக்கம் என்று ஒருவன் ஓடுகிறான். தண்டவாளத்தின் குறுக்குக் கட்டைகளில் முப்பது தாண்டினால் அவனுக்கு ஒரு வயது கூடும். வழியில் கேட்டுகள் வரும். ஐந்தில் பள்ளிக்கூட கேட், பதினெட்டில் வேலை கேட், இப்படியே போய் அறுபதில் கடைசி கேட். இருபது வயதில் ஒரே தாவலில் நான்கு கட்டை தாண்டுவான். நாற்பதில் மூன்று. ஐம்பதுக்கு மேல் ஒன்று தாண்டவே மூச்சு வாங்கும். முதலில் எழுதியபோது ஒரு வகுத்தல் கணக்கில் கோட்டை விட்டிருந்தேன். ஐம்பத்தொன்பதில் தாவல் பூஜ்யமாகி, மாணிக்கம் ஒரே கட்டையில் நின்று குதித்துக்கொண்டிருந்தான். வகுப்பே சிரித்தது. சரிசெய்தேன்.

அந்த கேமை சென்னையில் கிண்டியில் இருந்த ஒரு கம்பெனிக்கு அனுப்பியிருந்தேன். அங்கே கேம் வடிவமைப்பைப் பார்த்துக்கொண்டிருந்தவர் அமிர்தலிங்கம். அவரிடம் ஒரே ஒரு வேலை காலியாக இருந்தது. அப்பா ரிடையராகி இரண்டாம் நாள் அவரிடமிருந்து போன் வந்தது.

"மலர்கொடி, உங்க கேம விளையாடினேன். ஆளுக்கு வயசாகறதையே ஆட்டமா வச்சிருக்கீங்க, அது புதுசு. ஆனா நாப்பதோட நிறுத்திட்டேன்."

"ஏன் சார்?"

"வயசு புடுங்கிக்கிட்டே இருக்கு, ஒண்ணும் குடுக்கல. அதுக்கப்புறம் நான் ஏன் விளையாடணும்? ஜூன் இருபதுக்குள்ள அதுக்கு ஒரு வழி பண்ணி அனுப்புங்க. வேலை உங்களுக்கு. இல்லேன்னா வேற ஆள் பாத்துடுவேன், தப்பா நெனைக்காதீங்க."

தப்பாக நினைக்க ஒன்றுமில்லை. என் வகுப்பில் தேவயானி என்று ஒருத்தி, படு சுட்டி, அவளும் இதைத்தான் கேட்டிருந்தாள். "நாப்பதுக்கு மேல இவன் எதுக்கு மிஸ் ஓடுறான்?" அன்றைக்கு அவளை முறைத்துவிட்டுக் கரும்பலகைப் பக்கம் திரும்பிக்கொண்டேன். காரணம், எனக்கும் தெரியவில்லை.

பதினெட்டு நாள் இருந்தது. விட்டால் மறுபடி ஆன், ஆஃப். முதலில் மாணிக்கத்துக்கு ஐம்பது வயதில் 'அனுபவம்' என்று ஒரு சக்தி கொடுத்தேன். தலைக்கு மேல் ஒரு விளக்கு எரியும், தடைகள் தானாக விலகும். என் அம்மா கலியம்மாளிடம் காட்டினேன்.

"அம்பதுல அனுபவம் வருதா? எனக்கு மூட்டுவலிதான் வந்துச்சு" என்றாள் அம்மா.

அழித்தேன். கைத்தடி கொடுத்தேன், அதையும் அழித்தேன். பஸ்ஸில் எழுந்து இடம் கொடுப்பார்கள் என்று ஒன்று செய்தேன். அரியலூர் பஸ்ஸில் ஏறிய யாரும் நம்பமாட்டார்கள் என்று அதையும் அழித்தேன். எதைக் கொடுத்தாலும் பொய்யாக இருந்தது. வயதானவர்களுக்குப் பரிசு கொடுப்பது மாதிரி இருந்ததே தவிர, வயது கொடுத்த மாதிரி இல்லை.

வீட்டில் அப்பா வேறு. ரிடையரானவர் பகலெல்லாம் வீட்டில் உட்கார்ந்து ரயில் சத்தத்துக்கெல்லாம் கடிகாரம் பார்த்துக்கொண்டிருந்தார். "பல்லவன் நாலு நிமிஷம் லேட்டு" என்பார். யாரும் கேட்டிருக்கமாட்டோம். பிறகு புண்ணியவான் வருவான்.

ரிடையர்மென்ட்டுக்கு வந்த பொன்னுத்தாய் அத்தை அந்த வாரம் எங்கள் வீட்டில்தான் இருந்தாள். அப்பாவின் அக்கா, மூன்று வயது மூத்தவள். வேப்பந்தட்டையில் வாழ்க்கைப்பட்டவள். மானாவாரிப் பருத்தியும் சோளமும் போட்டு மூன்று பிள்ளைகளைக் கரையேற்றியவள். அவளிடம் எனக்குப் பிடித்த விஷயம், கையில் எது கிடைத்தாலும் படிப்பாள். பொட்டலம் கட்டிய பேப்பர், பஸ் டிக்கெட், மருந்துச் சீட்டு, எதையும் விடமாட்டாள். எழுத்துக்கூட்டித்தான் படிப்பாள், ஆனால் முடிக்காமல் கீழே வைக்கமாட்டாள். ஒன்று மட்டும் அன்றைக்குப் புரியாமல் இருந்தது. அப்பா புண்ணியவானை இழுக்கும்போதெல்லாம் அத்தை எழுந்து அடுப்படிக்குப் போய்விடுவாள்.

ஒருநாள் பகலில் அப்பா கடைக்குப் போயிருந்தார். அத்தை என் போனை எடுத்து, "என்னடி இதுலயே எந்நேரமும் தலைய விட்டுக்கிட்டிருக்க? எனக்கும் காட்டு" என்றாள். கேமைத் திறந்து கொடுத்தேன்.

முதல் காட்சி பள்ளிக்கூட கேட். அந்தக் காலத்துச் சேர்க்கையை விளையாட்டாக வைத்திருந்தேன். பிறந்த தேதியெல்லாம் யாரும் கேட்காத காலம். பிள்ளை வலது கையைத் தலைக்கு மேல் கொண்டுபோய் இடது காதைத் தொட வேண்டும். தொட்டால் ஐந்து வயது, உள்ளே. தொடாவிட்டால் அடுத்த வருஷம் வா. பட்டனைச் சரியான நேரத்தில் அழுத்தினால் மாணிக்கத்தின் கை காதைத் தொடும்.

அத்தை அழுத்தினாள். கை உச்சந்தலையோடு நின்றுவிட்டது. மறுபடி அழுத்தினாள், மறுபடியும் எட்டவில்லை. போனைக் கண்ணுக்குப் பக்கத்தில் கொண்டுபோய்ப் பார்த்தாள்.

"ஏண்டி, முழங்கையத் தள்ளுற பட்டன் எங்க?"

"முழங்கையையா? யார் தள்ளுவா அத்த?"

"பின்னாடி நிக்கிற அக்காதான்."

சொல்லிவிட்டு அத்தை போனைக் கீழே வைத்தாள். முகம் வேறு மாதிரி ஆகிவிட்டது. வாசலைப் பார்த்துக்கொண்டாள், அப்பா வரவில்லை என்று தெரிந்ததும் சொன்னாள்.

"எங்கம்மா களையெடுக்கப் போயிடும். தம்பிய நான்தான் பாத்துக்கணும். இடுப்புல புள்ளய வச்சுக்கிட்டு ஒரு வருஷம் பள்ளிக்கூடத்துச் சொவத்துக்கு வெளில நின்னேன். உள்ள பாட்டு மாதிரி வாய்ப்பாடு சொல்லுவாங்க. புள்ளயத் தூக்கிக்கிட்டு வகுப்புக்கு வராதேன்னுட்டார் வாத்தியாரு. அவனயும் சேத்துட்டா நானும் உள்ள போயிடலாம்ல? அவனுக்கு அப்ப நாலு வயசுகூட ஆவல. ஒரு வாரம் கையப் புடிச்சு இழுத்து இழுத்துப் பழக்குனேன், அழுவான். அன்னிக்கு வரிசையில நிக்கறப்ப வாத்தியாரு ரிஜிஸ்தரப் பாத்து எழுதிக்கிட்டிருந்தாரு. நான் பின்னாடிலேர்ந்து முழங்கையத் தள்ளுனேன். கொஞ்சம் வேகமாத் தள்ளிட்டேன்டி. கை காதத் தொடல, காதயே மூடிடுச்சு. வாத்தியாரு நிமுந்து பாத்துட்டு, 'அடேயப்பா, இவனுக்கு ஆறு'ன்னு எழுதிட்டாரு."

எனக்குச் சிரிப்பு வந்தது, அடக்கிக்கொண்டேன்.

"நான் அஞ்சுக்குத்தான் தள்ளுனேன், ஆறாயிடுச்சு" என்றாள் அத்தை. "அவனுக்காவ தள்ளுனேன்னு சொன்னா பொய்யி. எனக்காவதான் தள்ளுனேன். அவன் புண்ணியவான் புண்ணியவான்னு வையறப்பல்லாம் என்னத்தான் வையறான். அவனுக்குத் தெரியாது. சொல்லிடாத மலரு."

சொல்லமாட்டேன் என்றேன். அன்று சாயங்காலம் அவள் பெரம்பலூர் பஸ் ஏறி ஊருக்குப் போய்விட்டாள்.

சொல்லமாட்டேன் என்றது வாய்தான். தலைக்குள் மாணிக்கம் அதற்குள் ஓட ஆரம்பித்துவிட்டான். என் கேமில் என்ன கோளாறு என்று அப்போதுதான் பிடிபட்டது. நான் மாணிக்கத்துக்கு ஒரே ஒரு வயதைக் கொடுத்திருந்தேன். எங்கள் ஊரில் யாருக்கு ஒரே வயது இருக்கிறது?

இரண்டு வயது கொடுத்தேன், புத்தக வயது, உடம்பு வயது. கேட் பார்ப்பது புத்தக வயதை, தாவல் பார்ப்பது உடம்பு வயதை. பள்ளிக்கூட வாசலில் பின்னால் ஒரு சின்னப் பெண் நிற்பாள், ரெட்டைச் சடை. முழங்கையைத் தள்ள ஐந்தை அழுத்தவும். தள்ளாவிட்டால் இரண்டு வயதும் ஒன்றாகவே போகும். தள்ளினால் கேட் சீக்கிரம் திறக்கும், ஆனால் சின்ன உடம்போடு பெரிய கட்டைகளைத் தாண்ட வேண்டும். அறுபதில் கேட் மூடும்போது உடம்பில் இரண்டு வருடத் தாவல் மிச்சம் இருக்கும். அந்த மிச்சத்தை என்ன செய்வது? அதற்குக் கடைசியாக ஒரு தண்டவாளம் போட்டேன். கேட் கிடையாது, வயது எண் கிடையாது, துரத்தும் ரயில் கிடையாது. மிச்சமிருக்கும் தாவலை வைத்துக்கொண்டு இஷ்டத்துக்குப் போகலாம்.

சென்டரில் தேவயானியிடம் கொடுத்தேன். நாற்பதைத் தாண்டினாள், ஐம்பதைத் தாண்டினாள், நிமிரவேயில்லை. அறுபதைத் தாண்டி அந்தக் கடைசித் தண்டவாளத்தைப் பார்த்தவள், "மிஸ், அடுத்தவாட்டி இன்னும் கொஞ்சம் தள்ளிப் பாக்கறேன்" என்று மறுபடி முதலிலிருந்து தொடங்கினாள். எனக்கு அழுகை வந்துவிட்டது. வகுப்பில் அழுதால் கதை கட்டுவார்கள் என்று குடிதண்ணீர் எடுக்கப் போனேன்.

ஆனால் அனுப்ப முடியவில்லை. கேம் வெளியே வந்தால் ஒருநாள் அப்பா கைக்கும் வரும். ரெட்டைச் சடைப் பெண்ணைப் பார்த்தால் அவருக்குப் புரியாமல் போகுமா? அத்தைக்குக் கொடுத்த வாக்கு ஒரு பக்கம், ஜூன் இருபது ஒரு பக்கம். அந்தப் பெண்ணை எடுத்துவிட்டுப் பார்த்தேன். கை தானாக நீளும்படி வைத்தேன். ஆட்டம் அப்படியே ஓடியது, ஆனால் செத்துப் போயிருந்தது. யாரோ தள்ளினால்தான் அதற்கு உயிர் இருந்தது.

பதினெட்டாம் தேதி ஞாயிற்றுக்கிழமை வேப்பந்தட்டைக்குப் போனேன். பெரம்பலூரில் பஸ் மாறி, நின்றுகொண்டே போய் இறங்கினேன். அத்தை வீட்டு வாசலில் பருத்தி விதை காயப் போட்டிருந்தாள். போனை நீட்டினேன். அவள் எழுத்துக்கூட்டினாள். "மு...ழங்...கையைத்... தள்ள..." அதற்கு மேல் படிக்கவில்லை.

"எடுக்கச் சொன்னா எடுத்துடறேன் அத்த. வேல போனாப் போவுது" என்றேன். பெருந்தன்மையாகச் சொல்லிவிட்டேனே தவிர, எடு என்று சொல்லிவிடுவாளோ என்று அவள் வாயையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

அத்தை கொஞ்ச நேரம் விதையைக் கிளறிக்கொண்டிருந்தாள். பிறகு கையைத் தட்டிக்கொண்டு எழுந்தாள்.

"அம்பத்தி நாலு வருஷமா வயித்துல வச்சிருக்கேன். போதும். ஆனா அவன் கையில நான்தான் குடுப்பேன். நீ குடுத்தா நான் ஒளிஞ்சிக்கிட்ட மாதிரி ஆயிடும். இரு, பொடவ மாத்திக்கிட்டு வரேன்."

மதியச் சாப்பாட்டுக்கு அரியலூர் வந்துவிட்டோம். அக்கா முன்னறிவிப்பில்லாமல் வந்ததில் அப்பாவுக்குக் கொஞ்சம் கலவரம்தான். சாப்பிட்டுக் கை கழுவியதும் அத்தை போனை அவர் கையில் வைத்தாள்.

"உம்மவ பண்ணினது. மொதல்லேர்ந்து பாரு. நான் இங்கயேதான் இருக்கேன்."

அப்பா போனைத் தூரமாகப் பிடித்துக்கொண்டு பார்த்தார். பள்ளிக்கூட வாசல். தலைக்கு மேல் எட்டாத கை. பின்னால் ரெட்டைச் சடை. சின்ன எழுத்தைக் கண்ணாடி இல்லாமலே படித்தார். படித்துவிட்டுத் திரையைப் பார்க்கவில்லை, அத்தையைப் பார்த்தார்.

"அப்படின்னா..."

"ஆமாண்டா தம்பி. நாந்தான். நான் பள்ளிக்கூடம் போவணும்னுதான் உன்னத் தள்ளுனேன்."

"என் ரெண்டு வருஷத்தத் தின்னது நீதானா?"

அப்பா கோபத்தில் கத்தினால் நாங்கள் பயப்படமாட்டோம், பழக்கம். அன்று கத்தவில்லை. மெதுவாகக் கேட்டார், அதுதான் பயமாக இருந்தது. போனை வைத்துவிட்டு எழுந்து கொல்லைப்பக்கம் போய்விட்டார். அத்தை அசையாமல் உட்கார்ந்திருந்தாள். அம்மா அவளுக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தாள். நான் மனசுக்குள் என் கேமையும் என்னையும் திட்டிக்கொண்டிருந்தேன். ஒரு வேலைக்காக ஒரு குடும்பத்தைக் குலைத்துவிட்டேனே என்று இருந்தது.

ஒரு கூட்ஸ் வண்டி போய் முடிந்த பிறகு அப்பா வந்தார். முகம் கழுவியிருந்தார். போனை எடுத்து உட்கார்ந்தார். ஐந்தை அழுத்தவில்லை. வேண்டுமென்றே அழுத்தாமல் விட்டார்.

தள்ளாவிட்டால் என்ன ஆகும் என்று நான் எழுதியிருந்தேன். மாணிக்கம் வாசலிலேயே நின்றான், ரெட்டைச் சடைப் பெண்ணும் அவனோடு வெளியிலேயே நின்றாள். மெதுவாக அவனுக்கு ஐந்து வயது ஆனது, கேட் திறந்தது. அதற்குள் அந்தப் பெண்ணுக்கு நேரம் கடந்து, அவள் திரையை விட்டுப் போயிருந்தாள். அப்பா ஓடினார், தாவினார். பதினெட்டாவது கேட்டுக்கு வந்தபோது அது மூடியிருந்தது. ஆள் எடுத்து முடித்துவிட்டார்கள். மாணிக்கம் பக்கத்துப் பாதையில் இறங்கிச் சுண்ணாம்புக்கல் சுமக்கப் போனான்.

அப்பா போனை மடியில் வைத்துக்கொண்டார்.

"அறுவத்தி நாலாம் வருஷம் தண்டவாள வேலை கேங்குக்கு ஆள் எடுத்தாங்க. என்கூட தர்மன் வந்தான். என்னவிட ஒரு வயசு மூத்தவன். அவன் சர்டிபிகேட்ல பதினேழு போட்டிருந்துச்சு. போயிட்டு அடுத்த தடவ வாடான்னுட்டாங்க. அடுத்த தடவ ஆறு வருஷம் கழிச்சுத்தான் வந்துச்சு. அதுக்குள்ள அவன் கல்லு தூக்கி இடுப்பு போயிடுச்சு." தோள் துண்டைச் சரிசெய்துகொண்டார். "எனக்குப் பதினாறுகூட ஆவல அப்ப. நெஞ்ச நிமுத்திக்கிட்டு பதினெட்டுன்னு நின்னேன். எடுத்துக்கிட்டாங்க."

பிறகு அத்தையைப் பார்த்துத் திரும்பி உட்கார்ந்தார்.

"இத்தன வருஷம் கடைசில போன ரெண்டையே எண்ணிக்கிட்டிருந்தேன்க்கா. மொதல்ல வந்தத எண்ணவே இல்ல."

கேமை முதலிலிருந்து ஆரம்பித்தார். பள்ளிக்கூட வாசல் வந்தது. விரலை ஐந்தின் மேல் வைத்துக்கொண்டு அத்தை பக்கம் லேசாகச் சாய்ந்தார்.

"தள்ளுக்கா."

அத்தை தன் கையாலேயே அந்தப் பட்டனை அழுத்தினாள். வேகமாகத்தான் அழுத்தினாள். மாணிக்கத்தின் கை காதையே மூடியது. இரண்டு பேரும் உள்ளே போனார்கள்.

பதினெட்டாம் கேட் திறந்திருந்தது. சின்ன உடம்போடு பெரிய கட்டைகளில் இரண்டு மூன்று முறை விழுந்து எழுந்தார். நாற்பதுகளில் வாய்விட்டு, "கொஞ்சம் நில்லுடா, வண்டி போவட்டும்" என்று மாணிக்கத்துக்குச் சொன்னார். அறுபதாவது கேட் மூடியது. கேட் இல்லாத தண்டவாளம் வந்தது.

அங்கே அவர் நான் நினைக்காத ஒன்றைச் செய்தார். இடது பக்கப் பட்டனை அழுத்தினார். ஆட்டம் முழுக்க அந்தப் பட்டனைப் பூட்டி வைத்திருந்தேன், மாணிக்கம் முன்னால்தான் போக முடியும். கடைசிப் பகுதியில் மட்டும் பூட்ட மறந்திருந்தேன். என் தப்புதான். மாணிக்கம் திரும்பி நடக்க ஆரம்பித்தான். ஒவ்வொரு கேட்டாகத் திறந்துகொண்டே வந்தது, திரும்பி வருபவனைத் தடுக்கச் சொல்லி எந்தக் கேட்டுக்கும் நான் எழுதவேயில்லை. மிச்சமிருந்த தாவலையெல்லாம் தாவி, பள்ளிக்கூட வாசலுக்கே வந்து சேர்ந்தார். அங்கே ரெட்டைச் சடைப் பெண்ணின் படத்தை நான் அழிக்காமல் விட்டிருந்தேன். அவள் கையை நீட்டிக்கொண்டு அப்படியே நின்றாள்.

"இன்னும் நிக்கிது பாருக்கா" என்றார் அப்பா. தோளில் கிடந்த துண்டால் முகத்தை மூடிக்கொண்டு அழுதார். அத்தை அவர் முதுகைத் தடவிக்கொண்டே, "ஆறுன்னு எழுதுவாருன்னு நெனைக்கலடா" என்று திரும்பத் திரும்பச் சொன்னாள்.

"எந்தப் புண்ணியவதி தள்ளுனாளோ," என்றார் அப்பா துண்டுக்குள்ளிருந்து, "அவ நல்லா இருக்கட்டும்."

நாற்பது வருடமாக அவர் சொல்லிவந்த வாக்கியம்தான். அன்றைக்கு அதில் ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை.

இடது பட்டனைப் பூட்டாமல் அப்படியே பத்தொன்பதாம் தேதி அனுப்பினேன். மறுநாள் அமிர்தலிங்கம் கூப்பிட்டார்.

"அறுபது வந்தப்புறம் திரும்பிப் போகலாம்னு எப்படித் தோணுச்சு?"

பூட்ட மறந்துவிட்டேன் என்று சொல்லவில்லை. "எங்கப்பா கண்டுபிடிச்சது சார்" என்றேன், அதுவும் உண்மைதானே.

"ஜூலையில வந்து சேருங்க. இன்னொண்ணு, கடைசித் திரையில நன்றின்னு ஒரு பக்கம் வரும். ஒரு பேர்தான் கொள்ளும். யார் பேர் போடணும்னு சொல்லுங்க."

எனக்கு இந்த வேலை எதனால் கிடைத்தது என்று யோசித்துப் பார்த்தேன். அத்தை தள்ளியதால் அப்பா பள்ளிக்குப் போனார். போனதால் பதினாறில் வேலைக்குப் போனார். அந்த வேலைச் சம்பளத்தில்தான் நான் படித்தேன். அந்தத் தள்ளலே திரும்பி வந்து என் ஆட்டத்தையும் தள்ளிவிட்டது. ஒரு ஏழு வயதுப் பெண்ணுக்கு வாய்ப்பாடு கேட்க ஆசை வந்ததற்கு நான் எவ்வளவு கடன்பட்டிருக்கிறேன்! அப்பாவிடம் கேட்டேன். அவர் யோசிக்கவே இல்லை.

"அவ பேரப் போடு. சும்மா பேர் மட்டும் போடாத. அஞ்சாவது வரைக்கும் படிச்சா, அதையும் போடு."

எழுத்தைப் படமாக வரைந்தேன். 'பள்ளி' வரைந்ததைவிட அதிக நேரம் பிடித்தது. ஜூலையில் சென்னைக்குக் கிளம்புமுன் வேப்பந்தட்டை போய் அத்தையிடம் போனைக் கொடுத்தேன். அவள் வெளிச்சமாக இருக்கட்டும் என்று வாசல் பக்கம் திரும்பிக்கொண்டாள். விரலை வைத்து, எழுத்து எழுத்தாக, முடிக்காமல் கீழே வைக்காத அந்தப் பழக்கத்தோடு படித்தாள்.

"நன்...றி. பொன்...னுத்...தாய். ஐந்...தாம்... வகுப்பு."